பின்னணி மங்கல்: வில்லையிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை

ஒளிப்படத்தில் முதன்மைப் பொருள் தெளிவாகவும் அதற்குப் பின்னால் உள்ளவை கலங்கலாகவும் தோன்றுவது பின்னணி மங்கல் எனப்படும். ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இது கேமராவின் வில்லை செய்துவந்த வேலை. இன்று கைப்பேசியில் உள்ள ஒரு செயலி, என்றோ எடுத்து முடித்த படத்தில்கூட ஒரு தொடுகையில் இதைச் செய்துவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் அவை பிறக்கும் விதம் வேறு. வில்லை தரும் மங்கல் ஒளி வந்த பாதையின் விளைவு. செயலி தரும் மங்கல், படத்தில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று ஒரு நிரல் செய்த ஊகத்தின் விளைவு. அந்த ஊகத்தால் கலைக்கப்படும் பின்னணியைத்தான் பிற்காலத்தார் பல நேரங்களில் ஒரு பழைய படத்தில் தேடுகிறார்கள். ஆகவே இந்த வசதி எப்படி வந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

வில்லையின் மங்கல்

குவிவில்லை ஒன்று, குறிப்பிட்ட ஒரு தொலைவில் உள்ள புள்ளியைத்தான் படத்தளத்திலும் புள்ளியாக விழச்செய்யும். அதற்கு முன்னோ பின்னோ உள்ள புள்ளி, தளத்தில் சிறு வட்டாக விரியும். இப்படி விரிந்த வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதே மங்கல். வட்டு எவ்வளவு பெரிதாகும் என்பது பெரும்பாலும் வில்லையின் துளை எவ்வளவு அகலமானது என்பதைப் பொறுத்தது. துளையைச் சுருக்கினால் வட்டும் சுருங்கும், தெளிவு கூடும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் மூக்குக்கண்ணாடி கையில் இல்லாதபோது கண்ணை இடுக்கிக் கரும்பலகையைப் பார்ப்பதும் இதே விதியின்படிதான். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது என்று பொருள்.

1839-இல் பிரான்சில் தாகேர் தம் முறையை வெளியிட்டபோது பயன்படுத்திய வில்லையின் துளை மிகச் சிறியது. ஆள் முகத்தைப் படமெடுக்கப் பல நிமிடங்கள் அசையாமல் உட்காரவேண்டியிருந்தது. 1840-இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் யோசெப் பெட்சுவால் ஒரு புதிய வில்லையைக் கணக்கிட்டு வடிவமைத்தார். ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. அதன் எஃப் எண் ஏறத்தாழ 3.6. உள்ளே வரும் ஒளி பன்மடங்கு கூடியது, உட்காரும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. கூடவே நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் சுழன்று கலங்கியும் தெரிந்தன. பெட்சுவால் மங்கலைத் தேடிப் போகவில்லை. அது வெளிச்சத்துக்காகக் கொடுத்த விலை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வேறொன்றைக் கவனித்தார். காகித எதிர்ப்படத்திலிருந்து பல படிகள் எடுக்கும் முறையைக் கண்டவர் அவர். 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வந்த 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்னும் நூலில், படமெடுத்தவர் எடுக்கும்போது பார்த்தேயிராத பல விவரங்களை அந்தப் படத்திலேயே வெகுகாலம் கழித்துக் கண்டுபிடிப்பது உண்டு என்று எழுதினார். கட்டடத்தில் பொறித்த எழுத்து, ஆண்டு, சுவரில் ஒட்டிய அறிவிப்பு, தொலைவில் உள்ள கடிகாரம் காட்டும் மணி ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். ஓவியர் தாம் பார்த்ததைத்தான் வரைவார். கேமராவோ தன்முன் இருந்ததையெல்லாம் பதிவுசெய்யும். ஒளிப்படம் வரலாற்றுச் சான்றானதற்கு இந்தப் பண்பே அடிப்படை.

தாகேர் 1838-இல் பாரிசின் தாம்பிள் பெருந்தெருவை எடுத்த படம் இதற்கு நல்ல சான்று. நெடுநேரம் ஒளி விழவேண்டியிருந்ததால் தெருவில் போன வண்டிகளும் மனிதர்களும் பதியவேயில்லை. ஒரு மூலையில் காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும், அசையாமல் நின்றதால் பதிந்துவிட்டார். ஒளிப்படத்தில் தெரியும் முதல் மனிதர்களில் ஒருவராக அவர் இன்று கருதப்படுகிறார். அவர் அங்கே நிற்பார் என்று தாகேர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மங்கல் கலையானது

மங்கலை வேண்டியே செய்தவர்களில் முதலில் பேசப்படுபவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். டென்னிசன், டார்வின், ஜான் ஹெர்ஷல் போன்றோரின் முகங்களை மிக அருகிலிருந்து, மென்மையான கலங்கலோடு எடுத்தார். குவியம் பார்க்கத் தெரியாதவர் என்று அக்கால ஒளிப்பட இதழ்கள் அவரைக் குறை கூறின. 1874-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்: குவியத்தைத் திருகிக்கொண்டே போகும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்திலேயே நிறுத்திவிடுவாராம், மற்றவர்கள் வலியுறுத்தும் கூர்மை வரை போவதில்லையாம்.

அவர் கணவர் சார்லஸ் ஹே கேமரனை இலங்கை வரலாறு படித்தவர்கள் கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் வழியே அறிவார்கள். குடும்பம் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் ஜூலியா, தோட்டத் தொழிலாளர்கள் உட்பட உள்ளூர் மக்களைப் படமெடுத்தார். 1879-இல் இலங்கையிலேயே இறந்தார். மலையகத்தில் பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை உள்ளது.

கேமரன் உள்ளுணர்வால் செய்ததற்குக் கொள்கை வகுத்தவர், மருத்துவம் படித்த பீட்டர் ஹென்றி எமர்சன். 1889-இல் வெளியிட்ட தம் நூலில், மனிதக் கண் பார்வையின் நடுவில் மட்டுமே கூர்மையாகக் காண்கிறது, எனவே படத்திலும் முதன்மைப் பொருள் கூர்மையாகவும் மற்றவை சற்றே தளர்ந்தும் இருக்கவேண்டும் என்று வாதிட்டார். மறு ஆண்டே, ஒளிப்படம் ஒரு கலையே அல்ல என்ற முடிவுக்கு வந்து, தம் கொள்கை இறந்துவிட்டதாகக் கறுப்புக்கரை போட்ட சிறு வெளியீடு ஒன்றை அச்சிட்டார்! ஆனால் அவர் விட்டதை மற்றவர்கள் விடவில்லை. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஓவியம்போல் மங்கிய படங்களே உயர்ந்த கலை என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வாக்குடன் இருந்தது.

எதிர்ப்பு 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் எழுந்தது. ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் உள்ளிட்டோர் கூடி எஃப்/64 குழு என்று பெயர் வைத்துக்கொண்டனர். 64 என்பது மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எண். காலடிக் கூழாங்கல் முதல் தொலைதூர மலைமுகடு வரை எல்லாமே கூர்மையாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. இந்த இரு கட்சிகளில் எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இருவரும் முடிவைப் படமெடுக்கும் கணத்திலேயே எடுத்தார்கள் என்பதே நமக்கு முக்கியம். எடுத்தபின் திரும்பிப்போய்த் துளையை மாற்ற யாராலும் இயலாது.

மங்கலின் தரத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் 'பொக்கே' என்ற சொல் ஜப்பானிய மொழியிலிருந்து வந்தது. கலங்கல், மழுங்கல் என்பது பொருள்; நெடும்பயண விமானக் களைப்பால் வரும் மந்தத்தைச் சொல்லவும் ஜப்பானியர் இதே சொல்லைச் சேர்த்துக்கொள்வர். 1997-இல் 'ஃபோட்டோ டெக்னிக்ஸ்' இதழின் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன், ஆங்கிலேயர் சரியாக உச்சரிக்கவேண்டும் என்று இறுதியில் ஓர் எழுத்தைக் கூட்டி அச்சிட்டார். அந்த எழுத்துக்கூட்டே நிலைத்துவிட்டது.

கைப்பேசியின் இயலாமை

செயற்கை மங்கலின் தேவை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். முகப்படம் எடுக்கப் பயன்படும் 85 மில்லிமீட்டர் வில்லையின் எஃப் எண் 1.8 என்றால், துளையின் விட்டம் 85-ஐ 1.8-ஆல் வகுக்க வருவது, அதாவது ஏறத்தாழ 47 மில்லிமீட்டர். கைப்பேசி வில்லை ஒன்றின் குவியத்தூரம் 4 மில்லிமீட்டர், எஃப் எண் அதே 1.8 என்று கொண்டால் துளை 2.2 மில்லிமீட்டர்தான். எள்ளுருண்டையையும் எள்ளையும் ஒப்பிடுவதுபோல. அவ்வளவு சிறிய துளை, எதிரில் உள்ள எல்லாவற்றையும் ஏறக்குறைய தெளிவாகவே காட்டும். கைப்பேசிப் படம், எஃப்/64 குழு விரும்பிய படத்துக்கு அருகில் தானாகவே வந்து நின்றது. மக்களோ கலியாண ஆல்பத்தில் பார்த்த மங்கலை விரும்பினார்கள்.

கணினியில் மங்கலாக்குவது அதற்கு முன்பே இருந்தது. 1990-இல் வெளியான ஃபோட்டோஷாப்பில், உருவத்தின் ஓரத்தைக் கையால் வெட்டிப் பிரித்து, மற்ற பகுதிக்குக் காஸியன் மங்கல் கொடுப்பார்கள். கணித மேதை காஸின் பெயரால் வழங்கும் இம்முறை, ஒவ்வொரு படப்புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து சராசரி எடுக்கிறது. இதில் தெருவிளக்கு, வில்லையில் தெரிவதுபோல் ஒளிவட்டாக மலராமல், ஈரத்துணியில் பட்ட மைபோல் ஊறிப் பரவும். 2003-இல் வந்த பதிப்பில் வில்லை மங்கல் என்ற தனி வடிகட்டி சேர்ந்தது. அது 'ஆழ வரைபடம்' ஒன்றை ஏற்றுக்கொண்டது. தூரத்துக்கேற்ப வெளிறியும் கறுத்தும் இருக்கும் சாம்பல்நிறப் படம் அது. அதை வரையும் வேலை மட்டும் மனிதரிடமே இருந்தது.

அந்த வரைபடத்தை இயந்திரமே எப்படிப் பெறுவது என்பதுதான் அடுத்த பத்தாண்டுகளின் கதை. ஸ்டான்ஃபோர்டில் ஒளிப்புல ஆய்வு செய்த ரென் இங், ஒளி வரும் திசையையும் சேர்த்துப் பதியும் லைட்ரோ கேமராவை 2012-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். படமெடுத்தபின் குவியத்தை மாற்றலாம். அறிவியல் அழகானதுதான், படத்தின் நுண்மை போதவில்லை, விற்பனையும் இல்லை. 2018-இல் நிறுவனம் மூடப்பட்டது. இதற்கிடையில் 2014-இல் எச்டிசி ஒன் எம்8 கைப்பேசி, பின்புறம் இரண்டாவது கேமரா ஒன்றை ஆழம் அளப்பதற்காகவே வைத்தது. 2016-இல் ஐபோன் 7 பிளஸ், இரு கேமராக்களின் பார்வை வேறுபாட்டைக் கொண்டு ஆழம் கணித்து, 'போர்ட்ரெய்ட்' என்ற பெயரை ஊர்தோறும் பரப்பியது. நம் இரு கண்கள் தூரம் உணரும் அதே முறை.

2017-இல் வந்த கூகுள் பிக்சல் 2 ஒரே கேமராவில் இதைச் செய்தது. குவியம் தேடுவதற்காக அதன் ஒவ்வொரு படப்புள்ளியும் இடம், வலம் என்று இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. வில்லையின் இடப்பாதியும் வலப்பாதியும் காணும் படங்களுக்கு இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். அந்த மிகச் சிறு வேறுபாட்டிலிருந்து ஆழத்தை எடுத்தார்கள். கூடவே, மனிதர் உள்ள ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பணி வலைப்பின்னல் ஒன்று, எந்தப் படப்புள்ளி மனிதர், எது பின்னணி என்று பிரித்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் சுவையான செய்தி ஒன்று உண்டு. மங்கலாக்கிய பகுதி இயல்புக்கு மாறாக வழவழப்பாகிவிடுவதால், அதன்மேல் செயற்கையாகப் புள்ளிக் கரகரப்பைத் தூவுகிறார்களாம். முதலில் பொய் மங்கல், பிறகு அதை மெய்யாக்கப் பொய்க் கரகரப்பு!

இயந்திரம் ஆழத்தைக் கற்ற கதை

இரண்டு கேமராவும் இல்லை, பிளந்த புள்ளியும் இல்லை. கையில் இருப்பது தாத்தாவின் பழைய படத்தின் வருடி நகல் மட்டும். அதற்கும் மங்கல் கொடுக்கவேண்டுமானால், ஒற்றைப் படத்தைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லவேண்டும். கணிதப்படி இதற்கு ஒரே விடை கிடையாது. அருகில் உள்ள பொம்மைக் காரும் தொலைவில் உள்ள உண்மைக் காரும் படத்தில் ஒரே அளவாக விழக்கூடும். ஆனால் மனிதர் நாம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாலும் ஓரளவு தூரத்தை உணர்கிறோம். ஒன்றை ஒன்று மறைப்பது, தொலைவில் சிறுத்துப்போவது, தரையின் கோணம் எல்லாம் குறிப்புத் தருகின்றன. இக்குறிப்புகளை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் முயற்சியை ஸ்டான்ஃபோர்டில் அசுதோஷ் சக்சேனாவும் ஆண்ட்ரூ இங்கும் 2005-இல் வெளியிட்டனர். லேசர் கருவியால் தூரம் அளந்த படங்களே அங்கே பாடநூல்.

லேசரால் அளக்கும் படங்கள் எத்தனைதான் கிடைக்கும்? பாடத்துக்கு வேறு வழிகள் தேடினார்கள். முப்பரிமாணத் திரைப்படங்களில் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனிப் படம் இருப்பதால், 2019-இல் ஓர் ஆய்வுக்குழு அவற்றிலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டு வலைப்பின்னலுக்குக் கற்பித்தது. அதே ஆண்டு கூகுள் ஆய்வாளர்கள் பயன்படுத்திய பாடம் இன்னும் வியப்பானது. 2016-இன் கடைசியில் 'மேனெக்வின் சேலஞ்ச்' என்றொரு விளையாட்டு பரவியது நினைவிருக்கலாம். இளைஞர்கள் சிலைபோல் உறைந்து நிற்க, ஒருவர் கேமராவுடன் அவர்களுக்கிடையே நடந்துவருவார். யாரும் அசையாததால், கேமரா நகர்ந்த பாதையைக் கொண்டு ஒவ்வொருவரின் தூரத்தையும் கணிக்க முடியும். அப்படிப்பட்ட ஏறத்தாழ 2000 காணொளிகளைக் கொண்டு இயந்திரத்துக்குப் பாடம் நடத்தினார்கள். நின்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. தாம் ஆசிரியராக நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்படிக் கற்றது எவ்வளவு நுட்பமானாலும் ஊகம்தான் என்பது ஓரங்களில் தெரிந்துவிடும். பறக்கும் முடி, தலையில் சூடிய மல்லிகைச் சரத்தின் விளிம்பு, மூக்குக்கண்ணாடியின் வழியே தெரியும் பின்புறம், இடுப்பில் கைவைத்து நிற்பவரின் கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட வெளி ஆகியவற்றை உற்றுப் பாருங்கள். முழு உருவப் படமானால் காலடியைப் பார்க்கவேண்டும். உண்மையான வில்லையில், கால் ஊன்றிய இடத்தில் தரை தெளிவாக இருந்து பின்னே போகப்போகக் கலங்கும். வெறுமனே ஆளை வெட்டிப் பிரித்த செயலியில், தரை முழுவதும் ஒரே அளவாகக் கலங்கி, ஆள் மிதப்பதுபோல் தோன்றும்.

இந்தத் தொழில்நுட்பத்தால் நன்மை இல்லையா என்றால், உண்டு. காணொளி உரையாடலில் பின்னணியை மங்கலாக்கும் வசதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் 2018-இல் வந்தது. அங்கே பணியாற்றிய, காது கேளாத பெண் பொறியாளர் ஒருவரின் முயற்சி அதன் தொடக்கத்தில் இருந்தது. எதிரில் பேசுபவரின் உதட்டசைவைப் படிக்க, பின்னால் நடமாடும் காட்சிகள் அவருக்கு இடையூறாக இருந்தன. 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் வீட்டுக்குள் வந்தபோது இவ்வசதி வேறொரு வகையிலும் உதவியது. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் படிப்புமாக இருக்கும் வீட்டுப் பிள்ளை, அதை நாற்பது பேருக்குக் காட்டாமல் பாடம் கேட்க முடிந்தது. பேசி முடித்ததும் மறையும் உரையாடலில் மங்கல் ஒரு திரைச்சீலை. சேமித்து வைக்கும் படத்தில் அது அப்படியல்ல.

பின்னணியில் இருப்பது

பழைய குடும்பப் படம் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் முகத்தைப் பார்ப்பார். காலத்தையும் இடத்தையும் அறிய வேண்டுமானால் முகம் உதவாது. சுவரில் தொங்கும் நாட்காட்டி, அலமாரி மேலிருக்கும் வானொலிப் பெட்டி, தெருவில் நிற்கும் பேருந்து, கடைப் பலகையின் எழுத்து, ஓடா ஓலையா என்று சொல்லும் கூரை ஆகியவற்றிலிருந்துதான் ஆண்டையும் ஊரையும் குடும்பத்தின் நிலையையும் கணிக்கவேண்டும். டால்பட் சொன்னது இதைத்தான். இணையத்தில் உலவும் படம் உண்மையானதா, வேறு ஊரில் எடுத்ததா என்று சரிபார்ப்பவர்களும் பெயர்ப்பலகை, மலைக்கோடு, நிழலின் திசை ஆகியவற்றையே தேடுகின்றனர்.

ஸ்டுடியோப் படங்களில் பின்னணி இன்னொரு வகையில் பொருள் தருவது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணக்காப்புத் திட்ட உதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டல் நகலாக்கியுள்ளது. இத்தகைய படங்களில் தூணும் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரைகள் நிற்கும். அத்திரை உண்மையான இடமல்ல. ஆனால் படமெடுத்துக்கொண்டவர் தம்மை எந்த இடத்தில் நிற்பவராகக் காட்ட விரும்பினார் என்பதை அது சொல்கிறது. மங்கலாக்கும் செயலிக்கு அது வெறும் பின்னணி.

செய்தி நிறுவனங்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஏபி நிறுவனத்தின் விதிகள், செய்திப்படங்களின் பின்னணியை டிஜிட்டல் முறையில் மங்கலாக்குவதற்கு இடம் தருவதில்லை. குடும்பப் படங்களுக்கு விதி எழுதுவோர் யாருமில்லை. 2023-இல் அடோபி லைட்ரூமிலும் எந்தப் படத்துக்கும் வில்லை மங்கல் தரும் வசதி சேர்ந்தது. இலவசச் செயலிகள் பலவும் இதையே தருகின்றன. போர்ட்ரெய்ட் முறையில் எடுத்த படத்தில், பெரும்பாலான கைப்பேசிகள் ஆழத் தகவலையும் உடன் வைத்திருப்பதால் மங்கலைப் பிறகு நீக்கலாம். ஆனால் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படி அப்படியல்ல. அதில் மங்கிய பின்னணி மங்கியதுதான். நாளடைவில் மூலப்படம் பழைய கைப்பேசியோடு போய்விட, குடும்பத்தில் எஞ்சுவது பெரும்பாலும் இந்தப் படியே.

பள்ளிக் குழுப்படங்களில் இது இன்னும் கூர்மையான கேள்வியாகிறது. முன்பு ஊர் ஒளிப்படக்காரர் மூன்று வரிசையும் தெளிவாக விழவேண்டும் என்று துளையைச் சுருக்கி, எல்லாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுப்பார். இன்று அந்தப் படத்தைச் செயலியில் இட்டால், நாற்காலியில் அமர்ந்த தலைமையாசிரியரையும் அருகில் உள்ளவர்களையும் முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டு, பெஞ்சின்மேல் ஏறி நிற்கும் கடைசி வரிசைப் பிள்ளைகளைப் பின்னணியில் சேர்த்துவிடக்கூடும். பழைய படத்தை வருடி எடுக்கும்போது மூல நகலைத் தனிப்பெயரில் மாற்றாமல் வைத்துவிட்டு, அழகுபடுத்துவதை வேறொரு படியில் செய்யவேண்டும். மூலத்தின் கோப்புப் பெயரிலேயே ஊர், ஆண்டு, நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றை வரிசைப்படி எழுதிவிடலாம். கடைசி வரிசையின் பெயர்களையும் சேர்த்து.